ஓட்டக் குழுவில் ஒரு வேவுக்காரி

எங்கள் தெருவில் கிம்பாப் எனும் சோற்றுச் சுருள் கடை வைத்திருக்கும் மியோங்சுக், உடம்பை இளைக்க வைக்கிறேன் என்று வந்த எல்லாவற்றையும் நம்பி ஏமாந்தவள். இடுப்பைக் குலுக்கும் இயந்திரத்தில் இப்போது துணி காய்கிறது. பிலாட்டிஸ் உடற்பயிற்சி வகுப்பில் ஓர் ஆண்டுக்குப் பணம் கட்டிச் சேர்ந்தாள். மறுமாதமே அந்த இடத்தில் காப்பிக்கடை வந்துவிட்டது. மகள் யேரின் ஓட்டக் குழு ஒன்றில் சேர்ந்தபோது இவளுக்குப் பொறுக்கவில்லை.

"யாருடீ அவங்க?"

"சேர்ந்து ஓடறோம், அவ்வளவுதான்மா."

"தலைவர் பேரு?"

"சிறுத்தை."

"நெஜப் பேரக் கேட்டேன்."

"யாருக்குத் தெரியும்? அங்க எல்லாருக்கும் பட்டப்பேருதான். நான் முயல்."

மியோங்சுக்குக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தையல்கடைக்காரர் மகன் மலையேறும் சங்கம் என்றுதான் போனான். அது ஏதோ புது மதக் கூட்டமாக இருந்தது. அதற்குப் பிறகு வீட்டுக்கு ஒரு போன்கூட இல்லை.

"நானும் வரேன்" என்றாள்.

"வா. ஆனா என் அம்மான்னு மட்டும் சொல்லிடாத. மானம் போயிடும்."

மாலையில் சின்சன் ஓடைக்கரையில் கூடினார்கள். எல்லாரும் இளவட்டங்கள். மியோங்சுக் ஓடி முடித்து, கடைசியாக மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, அவர்கள் வட்டமாக, கண்ணை மூடி நின்றிருந்தார்கள். பிரார்த்தனையேதான் என்று முடிவுகட்டினாள்.

அடுத்த முறையிலிருந்து கிம்பாப் உருட்டி எடுத்துப்போனாள். ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து, வீடு எங்கே, அப்பா அம்மா உண்டா, மனசில் ஏதாவது கவலையா என்று துருவினாள். முதலில் பதில் சொன்னவர்கள், போகப் போக விலகி உட்கார்ந்தார்கள். அவள் சந்தேகம் இன்னும் முற்றியது.

ஒரு சனிக்கிழமை சிறுத்தை அவளைப் பாலத்துக்கு அடியில் தனியாகக் கூப்பிட்டான்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இனிமே வர வேணாம்."

"ஏன்?"

"சும்மா சாப்பாடு குடுக்கறீங்க. குடும்பத்த விசாரிக்கறீங்க. கவலை என்னன்னு கேக்கறீங்க. உங்க மதக் கூட்டத்துக்கு ஆள் புடிக்க எங்க குழுதான் கெடைச்சுதா?"

"நானா? உன்னத்தானேடா நான் அப்படி நெனைச்சேன்!"

மற்றவர்களோடு பின்னால் வந்து நின்ற யேரினின் முகம் சிவந்திருந்தது. "அவங்க என் அம்மா" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். சிறுத்தை இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டான். தன் பெயர் பாங் ஜேவுக் என்றும், பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் உட்காருவதாகவும் சொன்னான்.

"அப்ப கண்ண மூடிட்டு நின்னது?"

"ஓடி முடிச்சதும் மூச்சு வாங்குதுக்கா. வேற என்ன?"

அவளும் சிரித்துவிட்டாள். ஆனால் அன்று கிம்பாப்பை யேரினைத் தவிர யாரும் தொடவில்லை.

மியோங்சுக் இப்போதும் அவர்களோடுதான் ஓடுகிறாள். முன்போல் இரைப்பதில்லை. "ஜேவுக் நல்ல பையன்தானே?" என்று நேற்று கேட்டேன்.

"நல்லவன் மாதிரிதான் இருக்கு" என்றாள். "அந்தப் பல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தேன். பாங்னு ஒருத்தன் உக்காந்திருந்தான். ஆனா முகக்கவசம் போட்டிருந்தானே."