அப்பா வரும் மாதங்கள்

எருமப்பட்டிக்காரர் அருணகிரி பதினாறு வருடமாகப் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை பார்க்கிறார். வருடத்தில் எட்டு மாதம் சத்தீஸ்கர் பக்கம் கிடப்பார். அங்கே மழை பிடித்தால் வண்டி நின்றுவிடும். ஆனியில் ஊர் திரும்பி ஐப்பசி வரை வீட்டில் இருப்பார். ஆறு வயது மகள் நிலா அந்த நான்கு மாதமும் அவர் மடியை விட்டு இறங்க மாட்டாள். அவளை மடியில் வைத்துக்கொண்டே டிவி பார்ப்பார். கையில் சிகரெட் புகையும். ஜன்னல் திறந்துதானே இருக்கிறது என்று ஒரு சமாதானம்.

அந்த மாதங்களில் நிலாவுக்கு நெஞ்சு இழுக்கும். மழைக்காலச் சளி என்று கஷாயம் கொடுத்தார்கள். இப்படியே இரண்டு வருடம் போனது. மூன்றாம் வருடம் ஆவணியில் ஒருநாள் காலை உதடு நீலம் பாரித்துவிட்டது. நாமக்கல்லுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு மணி நேரம் மருந்து கொடுத்த பிறகுதான் மூச்சு தணிந்தது.

டாக்டரம்மா குழந்தையிடமே கேட்டார்: "எப்பக் கண்ணு இப்படி இழுக்குது?"

"அப்பா வந்தா இழுக்கும்" என்றாள் நிலா.

அருணகிரி மனைவி தனப்பிரியாவைத் திரும்பிப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"சிகரெட்டுப் புகைதான்னு போன வருசமே தோணுச்சுங்க. எட்டு மாசம் கழிச்சு ஊட்டுக்கு வர்ற மனுசன்கிட்ட எப்படிங்க சொல்றது?"

"ஜன்னலைத் தொறந்து வெச்சுத்தானுங்க குடிக்கிறேன்" என்றார் அருணகிரி. டாக்டரம்மா மழுப்பவில்லை. "ஜன்னலைத் தொறந்தாப் பத்தாதுங்க. புகை துணியிலயும் மெத்தையிலயும் தங்கிரும். புள்ளைக்கு நுரையீரல் இன்னும் வளர்ற வயசு. அடியோட விட்டுருங்க."

லேசில் விட முடியவில்லை. கிணற்றடிக்குப் போய்க் குடித்தார். வாடை சட்டையோடு வந்தது. ஓடிவந்த மகளைத் தனப்பிரியா பிடித்து நிறுத்தினாள். "மொதல்ல குளிச்சுட்டு வாங்க" என்றாள். கைகளை நீட்டியபடியே நிலா தள்ளி நின்றாள். அன்றைக்கே பாக்கெட்டைக் குப்பைக்குழியில் வீசினார். வடக்கே போன இடத்தில் இரண்டு தடவை தவறிப்போய்ப் பற்றவைத்தார். மூன்றாவது தடவை விட்டது நிலைத்தது.

அடுத்த ஆனியில் வந்தபோது நிலா மறுபடி மடியேறினாள். அந்த வருடம் ஒரே ஒரு முறைதான் இழுத்தது. ஆனாலும் சுதந்திர தினத்தன்று பள்ளி ஓட்டப்பந்தயத்தில் பாதியில் நின்றுவிட்டாள். வளர வளரச் சரியாகலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அருணகிரி மைதானத்துக்குள் போய் அவள் பக்கத்தில் குந்தினார்.

"மெதுவா, சாமி. ஒண்ணும் அவசரமில்ல."

மூச்சு சீராகும்வரை மகளின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.