திங்கட்கிழமை மட்டும்

அன்றன்று நடந்ததை அன்றன்றே எழுதிவைப்பது என் பழக்கம். அதனால் உறுதியாகச் சொல்வேன்: தம்பி தென்னை மட்டைகளைப் போட்டு ரோட்டை மறித்தது திங்கட்கிழமை. மாப்பிள்ளை, அதாவது தங்கை வீட்டுக்காரர், கால்வாய் மதகின் பூட்டை உடைத்து, தடுத்த காவலாளியின் கையை முறித்தது மறுநாள். கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் வடகரப்பதிக்குத் தண்ணீர் விடாத கோபம் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் என் டைரியில் பக்கம் வேறு. போலீஸிலும் வழக்கு வேறு.

இரண்டையும் சேர்த்து விசாரிக்கக் கேட்கலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். ஒருவர் வாய்தாவுக்கு மற்றவரும் துணைக்குப் போனார். சேர்த்துவிட்டால் அலைச்சல் பாதி. வக்கீல் மலையாளத்தில் மனு எழுதினார். தம்பிக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. என்னை நம்பித் தமிழில் கையெழுத்துப் போட்டான்.

மனு விசாரணைக்கு முந்தின நாள் சட்டப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. தனித்தனிக் குற்றம் சாட்டப்பட்டவர்களே எழுதிக் கேட்டு, யாருக்கும் பாதகமில்லை என்று மாஜிஸ்திரேட்டுக்கும் தோன்றினால் சேர்க்கலாமாம். பாதகம் இல்லையா? காவலாளி கூண்டில் நின்று, "இவங்கதான்" என்று இருவரையும் காட்டினால் திங்களும் செவ்வாயும் ஒரே நாளாகிவிடுமே.

காலையில் தம்பியைத் தனியே அழைத்தேன். "கேட்டா வேண்டாம்னு சொல்லுடா."

"மாப்பிள்ளை பக்கத்துலயே நிப்பாருங்கண்ணா. எப்படிச் சொல்றது?"

கோர்ட்டுக்குப் போகும் ஜீப்பில் மாப்பிள்ளை உற்சாகமாக இருந்தார். "என்னங்க மச்சான், இன்னிக்கு வாயே திறக்கக் காணோம்? நாங்க உள்ள போனா அதையும் மறக்காம எழுதிக்கோங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியில் இருப்பவர் எது கேட்டாலும் "ஆமாங்க" என்பது எங்கள் ஆட்களின் மரியாதை. கரண்ட் ஆபீசில் "மோட்டார் ரெண்டா?" என்று கேட்டதற்கும் தம்பி அப்படித்தான் தலையாட்டினான். இருந்தது ஒன்று.

மாஜிஸ்திரேட் மலையாளத்தில், சேர்த்து விசாரிக்கச் சம்மதமா என்று கேட்டார். மாப்பிள்ளை "ஆமாங்க" என்றார். தம்பி வாயைத் திறந்தான். திரும்பி, பின் பெஞ்சில் என்னைத் தேடினான்.

"எங்கண்ணனைக் கேக்கோணுங்க."

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. "கேஸ் உனக்கா, அண்ணனுக்கா?"

"எனக்குத்தானுங்க." எச்சிலை விழுங்கினான். "நானு திங்கக்கிழமை மட்டுந்தானுங்க. அடுத்த நாளு எனக்குத் தெரியாதுங்க."

மனு தள்ளுபடியானது.

திரும்பும்போது மாப்பிள்ளை ஜீப்பில் ஏறவில்லை. பஸ்ஸில் வருவதாகச் சொன்னார். அடுத்த வாய்தாக்களைத் தனித்தனிப் பக்கத்தில் குறித்துவைத்தேன். தினமும் சாயங்காலம் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுக் கூப்பிடும் தங்கை அன்று போன் செய்யவில்லை. அதையும் எழுதினேன்.