ஆத்தாள் கேட்ட கோன் ஐஸ்

என் மகளுக்கு லேசாக உடம்பு சுட்டாலே தெர்மாமீட்டரை மூன்று முறை வைத்துப் பார்க்கிறவள் நான். மூன்றும் ஒரே அளவைக் காட்டினால் அதிலும் சந்தேகம் வந்து நான்காவது முறை வைப்பேன். அப்போதெல்லாம் எனக்கு அம்மை போட்ட ஆடி மாதம் நினைவுக்கு வரும்.

எனக்கு ஏழு வயது. கொருக்குப்பேட்டையில், கூட்ஸ் வண்டி போனால் பாத்திரங்கள் கிலுகிலுக்கும் ஒற்றை அறை வீடு. என் முதுகில் நான்கு கொப்புளம் தெரிந்ததுமே அப்பா வாசலில் வேப்பிலை செருகினார். அடுப்பில் தாளிப்பு நின்றது. அப்பாவின் அக்கா, என் அத்தை, துணிமூட்டையோடு வந்து இறங்கினாள்.

அதுவரை என்னைச் சனியனே என்று கூப்பிட்ட அத்தை, அன்றிலிருந்து தாயே என்றாள். அம்மை போட்ட உடம்பில் அம்மன் இறங்கியிருக்கிறாள். ஆத்தாளை யார் திட்டுவது? இளநீர் வந்தது. வீட்டுப்பாடத்தைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை.

ஒரே குறை, அம்மா. "ஒனக்கு இன்னும் வந்ததே இல்ல. நீ கிட்ட வராத, வாசப்படியாண்டயே குந்து" என்று அத்தை அவளைத் தள்ளி வைத்துவிட்டாள். அம்மா கடைக்காகக் கூலிக்குப் பூண்டு உரித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்துக் கொப்புளம் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினேன்.

மூன்றாம் நாள் கோயிலில் பம்பை சத்தம் கேட்டது. கோயிலில் பெண்களுக்குச் சாமி வந்து பார்த்திருக்கிறேன். தலை ஏற்கெனவே சீவாமல்தான் கிடந்தது. கண்ணைச் செருகி, "ஏய்!" என்றேன்.

அத்தை கற்பூரத்தைத் தேடி ஓடினாள். "சொல்லு தாயீ, இன்னா வேணும்?"

"கோன் ஐஸ்!"

"கூழு குடிக்கிற ஆத்தாளுக்கு கோன் ஐஸா? இன்னாடா இது?" என்று அத்தை அப்பாவைப் பார்த்தாள்.

"ஐஸு குளுமதானக்கா" என்றார் அப்பா. ஆத்தாளுக்குக் குளிர்ச்சிதான் உகந்தது. அத்தையால் மறுக்க முடியவில்லை.

எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. அம்மாவை நோக்கிக் கை நீட்டினேன். "இவ எங்கிட்ட வந்து படுக்கணும்!"

"அது மட்டும் வேணாம் தாயீ" என்று அத்தை கெஞ்சினாள். அதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். "ஆத்தாவே கூப்டுது அண்ணி, நான் இன்னா பண்றது?" என்று சொல்லிக்கொண்டே என் பாயில் படுத்து, என்னை வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கியது. ஆத்தாளுக்குப் பயந்து அழுகிறாள் என்று நினைத்தேன்.

எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிச் சில நாட்களில் அம்மாவுக்கு அம்மை போட்டது. "நான் சொன்னா யாரு கேக்கறீங்க?" என்று முணுமுணுத்துக்கொண்டே அத்தை மறுபடியும் மூட்டையோடு வந்தாள். ஆத்தாள் என்னை விட்டுப் போய்விட்டதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை. இருந்தாலும் வேப்பிலையால் விசிறி, பக்தியோடு கேட்டேன்.

"தாயே, இன்னா வேணும்?"

அம்மா கண்ணைச் செருகினாள். "ஏய்! கோன் ஐஸ்!"

அப்பா சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்தார். அத்தைகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பொய்யாகச் சாமி ஆடிவிட்டோமே என்று அத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தவள் நான். பொய்யே இல்லை, உண்மையிலேயே ஆத்தாள்தான் கேட்டிருக்கிறாள்! அந்த ஆடி முடிகிறவரை தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன், எங்கள் வீட்டில் இரண்டு பேர் வாயாலும் அவள் அதையே கேட்டாள் என்று.