அம்மாவின் ஒரு குரோஸ்

“ஏத்தா, உருக்குன நெய்ய மறுபடி பாலாக்கிருவியாக்கும்?”

2006ஆம் ஆண்டு, சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில், எங்கள் வீட்டு வாசலில் ஸ்கேன் படத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு என் தாய்மாமா கேட்டது இது. லாரிக்கு லோடு ஏற்றுகிறவர் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது மதுரையில் விடுதியில் தங்கி பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்தேன்.

படம் அம்மாவுடையது. தீப்பெட்டி கம்பெனியில் வேலை பார்த்த அம்மா மழையில் வழுக்கி விழுந்து, வலது தோளில் எலும்பு முறிந்துவிட்டது. எலும்பு கூடிய பிறகும், பயத்தில் மாதக்கணக்காகக் கையைக் கழுத்தில் கட்டியே வைத்திருந்தாள். தோள் பள்ளமாகிவிட்டது. கொண்டை போடக்கூடக் கை எழும்பவில்லை. தினமும் காலையில் பக்கத்து வீட்டில் தலையைக் கொடுத்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்திருப்பாள்.

தசைநார் அறுபடவில்லை, ஆனால் சதை மெலிந்து உள்ளே கொழுப்பு படிந்துவிட்டது என்றார் டாக்டர். பயிற்சியால் பலம் கூடலாம், படிந்த கொழுப்பு குறைவது அபூர்வம் என்றார். அபூர்வம்தானே, நடக்காது என்று சொல்லவில்லையே! நான் இப்படிச் சொன்னதற்குத்தான் மாமாவின் அந்த நெய்க் கேள்வி.

சைக்கிள் டியூபை வெட்டி ஜன்னல் கம்பியில் கட்டினேன். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, டியூபை வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். “பத்துத் தடவ போதும்மா” என்று சொல்லிவிட்டு விடுதிக்குப் போனேன். அடுத்த சனிக்கிழமை வந்து பார்த்தால், தோள் வீங்கிச் சுருண்டு படுத்திருக்கிறாள்.

“எத்தன தடவம்மா இழுத்த?”

“ஒரு குரோஸ்.”

நூற்று நாற்பத்து நான்கு!

“பத்தெல்லாம் ஒரு கணக்காடி? குரோஸ் குரோஸா பெட்டி ஒட்டுன கை இது. குரோஸ் முடிக்காம எந்திரிச்சா வேல பாத்த மாதிரியே இல்ல.”

“பாலும் போச்சு, நெய்யும் போச்சு” என்றார் மாமா.

தப்பு என்னுடையது. புத்தகத்தில் இருந்த எண்ணைச் சொன்னேனே தவிர, அம்மா எந்தக் கணக்கில் எண்ணுவாள் என்று யோசிக்கவே இல்லை. வீக்கம் வடிந்ததும் அவள் கணக்குக்கே வந்தேன்.

“இப்ப ஆர்டர் ஒரு டஜன்தான். அடுத்த டஜன் நான் சொன்னாத்தான். அவசரப்பட்டா சரக்கு ரிட்டன் ஆயிரும்.”

“அப்படிச் சொல்லு, வெளங்குது” என்று சிரித்தாள்.

அன்றன்று முடித்த ஒவ்வொரு டஜனுக்கும் ஒரு தீக்குச்சியைக் காலிப் பெட்டியில் போட்டு வைத்தாள். நான் வரும்போதெல்லாம் பெட்டியைக் குலுக்கிக் காட்டுவாள். தீபாவளி சீசனில்கூட நிறுத்தவில்லை. ஒன்றரை வருடத்தில், ஒரு நாளைக்குக் காலையும் மாலையுமாகப் பன்னிரண்டு குச்சிகள், அதாவது அவளுடைய ஒரு குரோஸ், விழத் தொடங்கின.

மறுபடியும் மதுரையில் ஸ்கேன். டாக்டர் இரண்டு படங்களையும் அருகருகே மாட்டி வெகுநேரம் பார்த்தார். முதல் படத்தில் வெள்ளை வெள்ளையாக ஓடிய கொழுப்புக் கோடுகள் இரண்டாவதில் நன்றாகக் குறைந்திருந்தன. சதையும் தடித்திருந்தது.

“எல்லாருக்கும் இப்படி ஆகாது. என்னம்மா செஞ்சீங்க?”

“பன்னெண்டு டஜன், சார்.”

பேருந்து நிறுத்தத்தில் காற்றுக்கு அம்மாவின் முடி அவிழ்ந்தது. கொண்டை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் பின்னால் தூக்கிக் கொண்டை போட்டாள். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“எம்புட்டு நேரம்டி பாப்ப? பஸ்ஸு போயிரும்.”

இன்றும் யாருக்குப் பயிற்சி சொன்னாலும், “நீங்க என்ன வேல பாக்கீக?” என்று கேட்ட பிறகுதான் எண்ணிக்கையைச் சொல்கிறேன். போன மாதம் ஊரிலேயே ஓர் அறை பிடித்து, ஜன்னலில் ஆறு டியூப் கட்டிவிட்டேன். முதல் ஆளாக வந்தவர், தோள் பிடித்துக்கொண்ட மாமா. அவருக்கு லோடுக் கணக்கில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.