முகத்துவாரத்தை அடைத்தவள்

எங்கள் நெமிலிச்சேரி குடியிருப்பில், பள்ளிக் கண்காட்சிக்குப் பிள்ளைகள் பெயரில் மாடல் செய்வது அம்மாக்கள்தான். பழவேற்காடு ஏரியை நான் மூன்று நாள் தெர்மாகோலில் செதுக்கினேன். எதிர்வீட்டுச் செல்வி பழவேற்காட்டுக்காரி. தாம்பாளத்தில் மணலை நீளத் திட்டாகக் குவித்து, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி என்று தண்ணீர் ஊற்றி, இடையில் முகத்துவாரமாக விரலால் ஒரு வழி விட்டிருந்தாள். அவ்வளவுதான். கூட்டமெல்லாம் அங்கேதான் நின்றது. எனக்கு வயிறு எரிந்தது.

அவள் டீ குடிக்கப் போனபோது அந்த வழியை மணல் தள்ளி அடைத்துவிட்டேன்.

நடுவரோடு திரும்பியவள் ஒரு கணம் தாம்பாளத்தையே பார்த்தாள். "எங்க ஊர்லயும் இப்டித்தான் சார், மண்ணு வந்து அடிக்கடி அடைச்சிக்கும். மீனும் உள்ள வராது, படகும் வெளிய போவாது. அப்புறம் எல்லாரும் கூடித் தோண்டுவோம்" என்று விரலால் வழி திறந்தாள். ஏரியும் கடலும் மறுபடி கலந்தன. முதல் பரிசு அவள் மகளுக்கு.

வெளியே வரும்போது என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னாள். "அக்கா, உன் கையில மண்ணு ஒட்டிகினு கீது. கழுவிக்கோ."

பரிசை எப்போதோ மறந்துவிட்டேன். அன்று யாரிடமும் சொல்லாமல் இருந்தாளே, அந்த மனசின் மேல்தான் இன்னும் எனக்குப் பொறாமை.