எண்ணெய்க் கறை

ரந்தாவ் தோட்டச் சந்தியில் அந்தோனியம்மாளின் ஒட்டுக்கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அவள் கட்டும் நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம்தான் பலகை. பழுப்புத் தாள், உள்ளே வாழையிலை, மேலே சிவப்பு ரப்பர் வளையம். லாரிக்காரர்கள் இன்ஜினை நிறுத்துவதற்குள் பிரித்துவிடுவார்கள்.

ஒரு காலை, செம்பனை லாரி ஓட்டும் வீரமுத்துவின் மனைவி விமலா ஒரு சாப்பாட்டு டப்பாவோடு வந்து நின்றாள்.

"அக்கா, அவருக்குச் சுகர் ஏறிக் கெடக்கு. அடுத்த மாசம் லைசன்ஸுக்குச் செக்கப். கொறையலன்னா லாரியத் தொட விடமாட்டாங்க. சிவப்பரிசிச் சோறு, காங்கோங் கீரை, பயத்தங்காய்னு தெனம் குடுத்து விடுறேன். தோட்டத்து நாயிங்கதான் நல்லா தேறியிருக்குதுங்க."

அந்தோனியம்மாள் ஒரு வாய் தின்று பார்த்தாள். சாப்பாட்டில் குற்றமில்லை. டப்பாதான் வெள்ளையும் நீலமுமாக, ஊசி போட வந்ததுபோல் இருந்தது.

"மொளகாச் சம்பல் மட்டும் நான் ஒரு கரண்டி வைக்கிறேன். மூச்சு விடாத."

டப்பாச் சோற்றை வாழையிலையில் கொட்டி, முதல் பொட்டலத்தை ஒரு சுருக்கமில்லாமல் மடித்தாள். வீரமுத்து அதைப் புரட்டிப் பார்த்துத் திருப்பி வைத்தான்.

"என்னாக்கா, கிளினிக்குல மருந்து கட்டின மாதிரி இருக்கு? வேற குடு."

அவள் அதையே மேசைக்கு அடியில் கொண்டுபோனாள். நெத்திலி பொரித்த எண்ணெயில் விரலைத் தோய்த்து, தாளில் இரண்டு இடத்தில் அழுத்தி, நீட்டினாள்.

"ஆ! இதுல்ல பொட்டலம், இதுல்ல புங்குஸ்!" என்று உட்கார்ந்து பிரித்தான். "சோறு ஏன்க்கா செவப்பா இருக்கு?"

"சம்பல் எறங்கியிருக்குலா."

"காயி எக்கச்சக்கமா கெடக்கு?"

"உனக்குன்னு அள்ளி வச்சேன்."

வீரமுத்துவுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றிலிருந்து தினமும் அதுதான்.

செக்கப் நாளன்று அந்தோனியம்மாள் ஜெபமாலையைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துக்கொண்டாள். அவனுக்குச் சம்பல் வைக்கும் கரண்டியைச் சிறியதாக மாற்றி இரண்டு வாரமாகியிருந்தது. விமலாவும் காலி டப்பாவோடு பக்கத்திலேயே நின்றாள்.

மதியம் ஹாரன் சந்தி முழுக்கக் கேட்டது.

"பாஸுலா!" என்று வீரமுத்து குதித்து இறங்கினான். "என்னா சாப்புட்டேன்னு டாக்டரு கேட்டாரு. தெனம் நாசி லெமாக்குன்னேன். மனுசன் பேனாவக் கீழ வச்சிட்டாரு!"

அக்கா தனக்கென எடுத்து வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்து மனைவியிடம் நீட்டினான்.

"தின்னு பாரு. நீயும் பொங்குறியே! அக்கா கையப் பாத்துக் கத்துக்க."

விமலா ஒரு வாய் அள்ளி மெதுவாக மென்றாள். அந்தோனியம்மாள் ரப்பர் வளையங்களைத் தேடுவதுபோல் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டாள்.

"நல்லாத்தாங்க இருக்கு. உப்புதான் கொஞ்சம் கம்மி."

"அக்காவுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிருச்சு? அந்த டப்பாவ இனிமே வீட்டுல போட்டு வையி."

"சரிங்க," என்றாள் விமலா.

மறுநாள் விடிந்ததும் டப்பா வந்தது. உப்பு சரியாக இருந்தது. அந்தோனியம்மாள் விரலை எண்ணெயில் தோய்த்தாள்.