நாற்பத்து மூன்று வயதில் டாக்டர் ஆசை

சூலியா தெருவில் மணி சேஞ்சர் கடைக்கு மாடியில் ஒரு டியூஷன் சென்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஃபேக்டரிப் பெண்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருப்பது முதல் வாரமே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

அவர்களில் ஓர் அக்கா, வயது நாற்பத்து மூன்று. பதினெட்டு வருஷமாக ஒரே அசெம்பிளி லைனில் வேலை. லைன் லீடர் பதவிக்கு இன்டர்வியூ போனபோது "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றார்களாம். ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்த கட்டுரையை அப்படியே ஒப்பித்துவிட்டார். ஹாபி தபால்தலை சேகரிப்பது, லட்சியம் டாக்டர். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். நாங்கள் எல்லோருமே அந்தக் கட்டுரையை ஒப்பித்து வளர்ந்தவர்கள்தானே.

இப்போது இரண்டாவது வாய்ப்பு. அதுவே கடைசி என்று சொல்லிவிட்டார்கள்.

சென்டர் நடத்தும் அண்ணன் கொடுத்த புத்தகத்தில் முதல் பக்கமே அதே கட்டுரைதான். டாக்டரை எடுத்துவிட்டு லைன் லீடரைப் போட்டிருந்தார், அவ்வளவுதான். புத்தகங்களை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். நாற்காலிகளை ஓரங்கட்டி, மேசைகளை ஒட்டிப் போட்டு, காலிப் பால் டின்களை அடுக்கி லைன் ஆக்கினோம். ஒருத்தி மெஷின், ஒருத்தி கத்துகிற சூப்பர்வைசர், அக்கா லீடர். சண்டை இங்கிலீஷில் மட்டும். தப்பாகப் பேசலாம், சும்மா நிற்கக் கூடாது.

இரண்டு வாரம் அக்கா வாயே திறக்கவில்லை. மூன்றாவது வாரம் சூப்பர்வைசரைப் பார்த்து, "ஐ ஃபிக்ஸ் ஃபர்ஸ்ட். யூ ஷவுட் லேட்டர் லா" என்றார், எங்கள் ஊர் 'லா'வையும் சேர்த்து. சிரிப்பில் மாடியே அதிர்ந்தது.

அண்ணன் ஏறி வந்தார். "கிளாஸா இது, கூத்துக் கொட்டகையா? வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. அந்தப் பக்கத்தை மனப்பாடம் பண்ண வைங்க, இல்லன்னா இனிமே வர வேணாம்."

"வரல அண்ணே. ஆனா ஒப்பிக்க மட்டும் வைக்க மாட்டேன். ஒரு தடவை ஒப்பிச்சு அவங்க பட்டது போதும்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் பயம்தான். எனக்கு வேறு வகுப்பு கிடைக்கும், அக்காவுக்கு வேறு இன்டர்வியூ கிடைக்காது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து அக்கா போனில் கூப்பிட்டார். அதே கேள்வியாம். அக்கா எழுந்து, மேசையிலிருந்த பேனா, தண்ணீர் பாட்டில், மேனேஜரின் போன் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, மெஷின் நின்றால் என்ன செய்வேன் என்று நகர்த்திக் காட்டினாராம். மேனேஜர் குறுக்கே பேச வந்தபோது, "வெயிட் சார். மெஷின் ஃபர்ஸ்ட்" என்றாராம்.

"திங்கக்கிழமையிலேர்ந்து நான்தான் லீடர், டீச்சர்" என்றார். பஸ்ஸில் யாரோ கைதட்டியது எனக்கும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை யாரும் அழைக்காமலே சென்டருக்குப் போனேன். அக்கா முன்னாலேயே வந்து நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டிருந்தார். வாசலில் அண்ணன் நின்றிருந்தார். அக்கா அவரைப் பார்த்து, "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றார்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "மை ஹாபி இஸ்..." என்று ஆரம்பித்தார்.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா ஒரு பால் டின்னை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"லைன்ல வந்து நில்லுங்க அண்ணே."